பழைய பைக்கின் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட்: சிங்கப்பூரில் நீங்களே மாற்றும் முறை

பத்து வயது தாண்டிய பைக்கில் ஆயில் மாற்றப் போகிறவர் பயப்பட வேண்டியது போல்ட்டுக்குத்தான். ஆயில் தவறாகிப்போனால் வடித்துவிட்டு வேறு ஊற்றிக்கொள்ளலாம். ஆனால் உங்களுக்கு முன்னால் நான்கைந்து பேர் ஆளுக்கு ஆள் பலம் காட்டி முறுக்கிய அலுமினிய மரை போய்விட்டால், பைக்கை லாரியில் ஏற்றித்தான் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். அதனால் இந்த வழிகாட்டியில் எந்த ஆயில் நல்லது என்ற பேச்சைவிட எதை எப்படித் திறப்பது என்ற பேச்சுதான் அதிகம்.

ஹோண்டா வேவ், ஃபேன்டம் 200, சூப்பர் ஃபோர் போல நம் சாலைகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் 4-ஸ்ட்ரோக் பைக்குகளை மனத்தில் வைத்து எழுதியது இது. ஆர்எக்ஸ்இசட் மாதிரி 2-ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்களுக்குப் பிரேக் பகுதி அப்படியே பொருந்தும். எஞ்சின் ஆயில் என்று இங்கே சொல்வதை அவர்கள் கியர் ஆயில் என்று படித்துக்கொள்ளலாம். பெட்ரோலோடு சேர்ந்து எரியும் 2டி ஆயில் வேறு தொட்டி, வேறு விஷயம்.

எல்லாப் படிகளுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. ஊற்றும் வாய் திறக்கிறதா என்று பார்த்த பிறகே வடிக்கும் வாயைத் தொடுங்கள். ஆயில் முழுவதையும் வடித்துவிட்டு மேல்மூடி இறுகிக்கிடப்பதைக் கண்டுபிடித்தால் மாட்டிக்கொண்டீர்கள். எஞ்சினில் சொட்டு ஆயில் இருக்காது, பைக்கை எங்கும் ஓட்டிப்போகவும் முடியாது.

1. முதலில் இடம்

தரைவீட்டில் இருந்தால் கார் நிறுத்தும் முற்றம் போதும். அடியில் பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்துக்கொள்ளுங்கள். அதன்மேல் பழைய விளம்பரப் பதாகையோ தடித்த பிளாஸ்டிக் விரிப்போ இருந்தால் இன்னும் நல்லது.

வீவக புளோக்கில் இருப்பவர்கள்தான் அதிகம். கார்பார்க் வண்டி நிறுத்தும் இடம், சர்வீஸ் செய்யும் இடமல்ல. அங்கே ஆயில் வடித்துப் புகார் வந்தால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். கீழ்த்தளமும் பொது நடைபாதையும் பேச்சுக்கே இடமில்லை. மிஞ்சியிருப்பவை மூன்று வழிகள்: தரைவீட்டில் இருக்கும் உறவினர் வீட்டு முற்றம், மணிக்கணக்கில் வாடகைக்கு இடமும் கருவியும் தரும் பட்டறை, அல்லது பழக்கமான மெக்கானிக்கிடம் கேட்டு அவர் இடத்திலேயே ஓர் ஓரம். கூட்டுரிமை வீடு என்றால் நிர்வாகத்திடம் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

தரை சமமாக இருக்க வேண்டும். சென்டர் ஸ்டாண்ட் இல்லாத பைக் என்றால் பின்சக்கரத்தைத் தூக்கும் பேடாக் ஸ்டாண்ட் வேண்டும். சைடு ஸ்டாண்டில் சாய்த்தபடி ஆயில் அளவு பார்த்தால் அது உண்மையான அளவாக இருக்காது.

2. உங்கள் பைக் எது என்று தாளில் பாருங்கள்

நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் சிங்பாஸ் வழியாக நுழைந்து வாகன விவரத்தை எடுங்கள். தயாரித்த ஆண்டு, முதலில் பதிவான தேதி, சட்ட எண் (சேசிஸ் எண்), எஞ்சின் எண் ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். தயாரித்த ஆண்டும் பதிவான ஆண்டும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஃபில்டரோ ரப்பரோ வாங்கும்போது உதவுவது தயாரித்த ஆண்டும் சட்ட எண்ணும்தான். சூப்பர் ஃபோரில் மட்டும் எத்தனை வகை வந்திருக்கிறது! 'சூப்பர் ஃபோர் ஃபில்டர்' என்று மட்டும் சொன்னால் கடைக்காரர் முன்னால் இருப்பதை எடுத்துக் கொடுத்துவிடுவார்.

பதிவுத் தேதியைப் பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2003 ஜூலை 1க்கு முன் பதிவான மோட்டார் சைக்கிள்கள் 2028 ஜூலை முதல் சாதாரணப் பதிவில் இங்கே சாலையில் ஓட முடியாது. உங்கள் பைக் அந்தக் கூட்டத்தில் இருந்தால் ஆயிலையும் பிரேக்கையும் ஒழுங்காகப் பாருங்கள், ஆனால் பெரிய செலவு வைக்கும் வேலைக்கு முன் கணக்குப் போடுங்கள்.

அடுத்தது சர்வீஸ் புத்தகம். அதிலிருந்து ஆறு விவரங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: ஃபில்டர் மாற்றினால் ஆயில் எவ்வளவு, மாற்றாவிட்டால் எவ்வளவு, டிரெயின் போல்ட்டின் (ஆயில் வடிக்கும் வாயை அடைக்கும் போல்ட்) முறுக்கு அளவு, பிரேக் ஆயில் வகை, கூலன்ட் அளவு, டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கோல்) திருகிப் பார்க்க வேண்டுமா திருகாமல் பார்க்க வேண்டுமா. புத்தகத்தில் 'மொத்தக் கொள்ளளவு' என்று ஓர் எண் இருக்கும். அது எஞ்சினைப் பிரித்துக் காயவைத்துப் பூட்டும்போது வேண்டிய அளவு. ஆயில் மாற்றும்போது அந்த எண்ணை நம்பி ஊற்றினால் அளவு கூடிவிடும். வேவ் 125இல் வடித்து ஊற்றும்போது 0.7 லிட்டர்தான் பிடிக்கும், கடையில் வாங்கும் ஒரு லிட்டர் பாட்டிலை முழுதாகக் கவிழ்க்கக் கூடாது. 400 சிசி நான்கு சிலிண்டர் என்றால் மூன்று லிட்டருக்கு மேல் வேண்டும், நான்கு பாட்டில் வாங்கிவைப்பது பாதுகாப்பு.

3. வாங்க வேண்டியவை, செலவு

ஆயில் பாட்டிலின் பின்புறம் 'ஜாசோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' என்ற ஜப்பானியத் தரக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் எஞ்சின் ஆயிலிலேயே ஊறிக்கிடக்கிறது. காருக்கான, எரிபொருள் சிக்கனம் என்று போட்ட ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கத் தொடங்கும்: எஞ்சின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. 'எம்பி' என்று போட்டது கிளட்ச் ஆயிலில் ஊறாத ஸ்கூட்டர்களுக்கு. தடிமனைப் பொறுத்தவரை 10டபிள்யூ-40 நம் வெயிலுக்குப் போதும். நிறைய ஓடித் தேய்ந்த, காற்றில் குளிரும் எஞ்சினுக்குச் சிலர் 20டபிள்யூ-50 ஊற்றுகிறார்கள். புத்தகம் அனுமதித்தால் தவறில்லை.

கடைக்குக் கடை விலை மாறும், ஆனாலும் கையில் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். செமி சிந்தெடிக் ஆயில் லிட்டர் 10 முதல் 15 வெள்ளி, முழு சிந்தெடிக் 20 வெள்ளிக்கு மேல். ஃபில்டர் 10 வெள்ளியைச் சுற்றி. டிரெயின் போல்ட் வாஷர் ஒரு வெள்ளிகூட ஆகாது, ஆனால் இரண்டாக வாங்குங்கள், ஒன்று உருண்டோடி எங்காவது ஒளிந்துகொள்ளும். டாட் 4 பிரேக் ஆயில் அரை லிட்டரும் கலந்துவைத்த கூலன்ட் ஒரு லிட்டரும் தலா 10 வெள்ளி அளவில் கிடைக்கும்.

கருவிகளில் கஞ்சத்தனம் காட்டக் கூடாதவை மூன்று. முதலாவது, ஆறு மூலை உள்ள சாக்கெட். பன்னிரண்டு மூலை சாக்கெட் தேய்ந்த போல்ட்டின் தலையை உருட்டிவிடும். இரண்டாவது, எவ்வளவு முறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச். மூன்றாவது, ஜப்பானிய ஜேஐஎஸ் அளவில் செய்த 2ஆம் எண் நட்சத்திர ஸ்க்ரூடிரைவர். பைக்கின் ஹேண்டிலில் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவின் மூடித் திருகுகள் அந்த வகை. சாதாரண நட்சத்திர ஸ்க்ரூடிரைவர் அதில் சரியாக உட்காராது, ஒரே திருகில் தலை மொழுக்கென்று ஆகிவிடும். ஜாலான் புசார் பக்கத்து இரும்புக்கடைகளில் கேட்டுப் பாருங்கள். இவற்றோடு 5 லிட்டர் பிடிக்கும் தட்டு, புனல், 5 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள தெளிவான பிளாஸ்டிக் குழாய் ஒரு மீட்டர், பெரிய ஊசிக்குழாய், ரப்பர் கையுறை, பழைய பனியன் துணி.

கருவி எல்லாம் சேர்த்து முதல் முறை 100 முதல் 150 வெள்ளி ஆகலாம். வேவ் போன்ற சின்ன பைக்குக்கு ஆயில் மாற்றப் பட்டறையில் கேட்பதே சொற்பம், அதில் மட்டும் மிச்சம் பிடிக்க நினைத்தால் கருவிக் காசு திரும்ப வர வெகுநாள் ஆகும். பிரேக் ஆயிலையும் கூலன்ட்டையும் சேர்த்துச் செய்கிறவருக்குத்தான் கணக்கு சரிவரும். அவசரத்தில் செய்யும் பட்டறைகளில் தவறிப்போகிற வேலைகளும் அவைதாம்.

ஜோகூருக்குப் போய் ஆயில் வாங்குகிறவர்கள் மூடியின் முத்திரை உடைபடாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பேர்போன நிறுவனங்களின் பாட்டிலில் போலி ஆயில் விற்பது புதிதல்ல. நம்ப முடியாத விலை என்றால் நம்ப வேண்டாம்.

4. எஞ்சின் ஆயில்: ஒரு மணி நேரம்

எஞ்சினை மூன்று, நான்கு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். வெதுவெதுப்பான ஆயில் அடியில் படிந்த அழுக்கையும் இழுத்துக்கொண்டு இறங்கும். நீண்ட தூரம் ஓட்டிவந்த கையோடு வேண்டாம், கொதிக்கும் ஆயில் மணிக்கட்டு வழியாகச் சட்டைக்கைக்குள் ஓடும்.

மேலே ஆயில் ஊற்றும் மூடியைக் கையால் திறந்து பாருங்கள். திறந்ததா? இப்போது கீழே.

டிரெயின் போல்ட்டைச் சுற்றி மண்ணைத் துடைத்துவிட்டுத் தலையைப் பாருங்கள். பல ஹோண்டாக்களில் 17 மில்லிமீட்டர் சாக்கெட் உட்காரும். புத்தகம் 17 என்று சொல்ல, உங்கள் பைக்கில் 19 இருந்தால், அல்லது பித்தளை நிறத்தில் ஏதோ உள்வளையம் தெரிந்தால், முன்னாடியே யாரோ மரையைக் கெடுத்துச் சரிசெய்திருக்கிறார்கள். அங்கே டார்க் ரெஞ்சுக்கு வேலையில்லை. மெதுவாகத் திறந்து, வாஷர் நசுங்கும் அளவுக்கு மட்டும் மூடுங்கள், அடுத்த முறை பட்டறையில் ஹெலிகாயில் (கெட்ட மரைக்குப் பதிலாகப் பதிக்கும் கம்பிச்சுருள்) போட்டுக்கொள்ளுங்கள்.

தலைகீழாகப் பார்க்கும்போது எந்தப் பக்கம் திருப்பினால் கழலும் என்று குழம்புவது இயல்பு. போல்ட்டின் தலை உங்கள் முகத்தைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம். குழப்பம் தீராமல் பலம் கொடுக்கக் கூடாது. பெரும்பாலான மரைகள் போவது கழற்றுவதாக நினைத்து முறுக்கும் அந்த நிமிடத்தில்தான்.

போல்ட் தளர்ந்ததும் கையால் உள்நோக்கி அழுத்தியபடியே திருகிக் கடைசி மரையில் சட்டென்று விலக்குங்கள். ஆயில் முதலில் நேராக விழாது, ஒரு சாண் முன்னால் பாயும். தட்டை அதற்கேற்ப வையுங்கள். பத்து நிமிடம் வடியட்டும்.

அந்த நேரத்தில் பழைய ஆயிலைப் பாருங்கள். கருப்பு பிரச்சினை இல்லை. டீத்தண்ணீரில் பால் விட்ட நிறம் என்றால் உள்ளே நீர் கலந்திருக்கிறது: தினமும் ஐந்து நிமிட ஓட்டம் மட்டும் ஓடும் பைக்கில் மூடியின் அடியில் கொஞ்சம் தெரிவது உண்டு, ஆனால் வடிந்த ஆயில் முழுவதும் அப்படி என்றால், அதுவும் கூலன்ட் உள்ள பைக்கில் என்றால், வாட்டர் பம்ப் சீலையோ ஹெட் கேஸ்கெட்டையோ பார்க்க வேண்டும். வெயிலில் பிடித்தால் மினுக்கும் நுண்தூள் கொஞ்சம் இருக்கலாம். விரலில் நெருடும் துண்டுகள் இருக்கக் கூடாது.

பழைய வாஷர் போல்ட்டோடு வந்ததா, எஞ்சினிலேயே ஒட்டிக்கிடக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதன்மேல் புதியதையும் போட்டுவிட்டால் கசியும். புதிய வாஷரோடு போல்ட்டை முதலில் விரலால் மட்டும் ஏற்றுங்கள். நான்கு சுற்று விரலால் போகவில்லை என்றால் கோணலாக ஏறுகிறது, கழற்றி மறுபடி தொடங்குங்கள். அதன்பிறகே டார்க் ரெஞ்ச். பல ஹோண்டா எஞ்சின்களில் இது 25 முதல் 30 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். 25 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் 12 கிலோ அழுத்தம், அவ்வளவுதான் 30 நியூட்டன் மீட்டர். இரண்டு கையும் காலும் தேவையில்லை. ரெஞ்சில் இரண்டு அளவுகோல் பொறித்திருக்கும். அடி-பவுண்டு பக்கத்தில் 30 வைத்தால் அது 40 நியூட்டன் மீட்டர் ஆகிவிடும், மரை அதைப் பொறுத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. கசிவை அடைக்கக் குழாய்க்காரர்களின் வெள்ளை டேப்பைச் சுற்றுகிறார்களே, அதைச் செய்யவே வேண்டாம். அதன் பிசிறு எஞ்சினுக்குள் ஆயில் போகும் சின்னத் துளையை அடைக்கும்.

5. ஃபில்டர்

வேவ் வகை எஞ்சினில் ஒவ்வொரு முறையும் மாற்றுவதற்கென்று காகித ஃபில்டர் இல்லை. உள்ளே கம்பி வலையும் சுழல் வடிகட்டியும் இருக்கும், அவை கிளட்ச் மூடியைத் திறக்கும் வேலையில் சேர்ந்தவை. இந்தப் படியைத் தாண்டிவிடுங்கள்.

சூப்பர் ஃபோர் போன்றவற்றில் ஃபில்டர் எஞ்சினின் முன்பக்கம், சைலன்சர் குழாய்களுக்குப் பின்னால் இருக்கிறது. கழற்றும்போது வழியும் ஆயில் அந்தக் குழாய்மேல் விழும். சமையலறை அலுமினியத் தாளை மடித்து ஒரு கால்வாய் மாதிரி வைத்துவிட்டால் பிறகு புகை பார்த்து நெஞ்சு பதற வேண்டியதில்லை. குவளை போல ஃபில்டரின் தலையில் கவ்வும் சாக்கெட்டைப் பயன்படுத்துங்கள். ஸ்க்ரூடிரைவரை ஃபில்டரில் குத்தித் திருப்பும் வித்தையை இணையத்தில் பார்த்திருப்பீர்கள். தகரம் கிழிந்து, பிடிக்க ஒன்றுமில்லாமல் போகும்.

பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் அதோடு வந்ததா என்று கண்ணால் பாருங்கள். எஞ்சினில் ஒட்டிக்கொண்ட பழைய வளையத்தின்மேல் புதிய ஃபில்டரை ஏற்றுவது இந்த வேலையின் மிக மோசமான தவறு. நிற்கும்போது ஒன்றும் தெரியாது. எஞ்சின் வேகம் பிடித்ததும் வளையம் பிதுங்கி ஆயில் நேராகப் பின்சக்கரத்தில் அடிக்கும். புதிய வளையத்தில் விரலால் ஆயில் தடவி, கையால் இறுக்கி, பிறகு புத்தகம் சொல்லும் முறுக்கு.

இப்போது புனல் வைத்து, வேண்டிய அளவில் பத்தில் ஒன்பது பங்கு ஊற்றுங்கள். எஞ்சினை ஓடவிடுங்கள். ஆயில் விளக்கு உள்ள பைக் என்றால் சில விநாடிகளில் அணைய வேண்டும், அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். இரண்டு, மூன்று நிமிடம் ஓடியபின் நிறுத்தி, இன்னும் இரண்டு, மூன்று நிமிடம் காத்திருந்து, பைக்கை நிமிர்த்தி அளவு பாருங்கள். பல ஹோண்டாக்களில் டிப்ஸ்டிக்கைத் திருகாமல் சும்மா நுழைத்துப் பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும், நீங்கள் குறைவாக ஊற்றிவிட்டு நிம்மதியாகப் போவீர்கள். மேல்கோட்டைத் தாண்டிவிட்டால் ஊசிக்குழாயால் உறிஞ்சி எடுங்கள். அதிக ஆயில் மூச்சுக்குழாய் வழியாக ஏர் ஃபில்டருக்குப் போய் அதை ஊறவைத்துவிடும்.

6. பிரேக் ஆயில்: அவசரம் இல்லாத காலைப்பொழுது

பிரேக் ஆயில் என்று நாம் சொன்னாலும் அது எண்ணெய் இனமே இல்லை. ஒரு சொட்டு எஞ்சின் ஆயிலோ துருநீக்கி ஸ்பிரேயோ அந்த டப்பாவில் விழுந்தால் உள்ளிருக்கும் ரப்பர் எல்லாம் உப்பிப்போகும். கையுறையை மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

இது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறியபின் அந்தக் குறைந்தபட்ச அளவு 155 டிகிரிதான். நம் ஊர்க் காற்று எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள், கிலோமீட்டர் பார்க்க வேண்டாம். பாதி மீந்த பாட்டிலை அடுத்த முறைக்கு அலமாரியில் வைப்பதும் வீண். டப்பா மூடியில் டாட் 4 என்று எழுதியிருந்தால் டாட் 4தான். டாட் 5 என்பது சிலிக்கான், எண் பெரிதாக இருப்பதால் மேலானது என்று நினைத்து ஊற்றிவிடாதீர்கள். 5.1 என்பது வேறு, அது டாட் 4 குடும்பம்.

இங்கே நம் பொது விதி இரண்டு முறை வேலை செய்கிறது. முதலில் டப்பா மூடியின் திருகுகள். ஸ்க்ரூடிரைவரைச் செங்குத்தாக உட்காரவைத்து, அதன் தலையில் சின்னச் சுத்தியால் இரண்டு தட்டுத் தட்டி, உள்ளங்கையால் அழுத்தியபடி திருப்புங்கள். திறந்துவிட்டால், அடுத்து, டிஸ்க்கைக் கவ்வும் கேலிப்பரில் இருக்கும் பிளீடர் நிப்பிள், அதாவது பழைய ஆயிலையும் காற்றையும் வெளியே விடும் சிறு திருகு. 8 மில்லிமீட்டர் ரிங் ஸ்பேனர் பெரும்பாலும் பொருந்தும். இரும்பு நிப்பிளும் அலுமினியக் கேலிப்பரும் பல வருட மழையில் பிடித்துக்கொண்டிருக்கும். முதல் நாள் மாலையே துருநீக்கியை அடித்துவையுங்கள், டிஸ்க்கிலும் பேடிலும் படாமல் துணி சுற்றிக்கொண்டு. மறுநாளும் அசையவில்லை, சாக்கெட் போட்டால் முறியும்போலத் தெரிகிறது என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். முறிந்த நிப்பிளை எடுப்பது பட்டறைக்கே பெரிய வேலை. நிறுத்தியதால் இன்னும் பிரேக் உள்ள பைக்கில்தான் பட்டறைக்குப் போகிறீர்கள்.

இரண்டும் திறந்தனவா? டேங்கை ஈரத்துணியால் மூடுங்கள், பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும். பக்கத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் இருக்கட்டும். டப்பா மட்டமாக நிற்கும்படி ஹேண்டிலைத் திருப்பி, பழையதை ஊசிக்குழாயால் உறிஞ்சி, அடியில் படிந்த கசடைத் துடைத்து, புதியதை நிரப்புங்கள். நிப்பிளில் முதலில் ஸ்பேனர், பிறகு குழாய். குழாயின் மறுமுனை, கொஞ்சம் பிரேக் ஆயில் உள்ள பாட்டிலுக்குள்.

பிரேக் பிடியை (லிவரை) மெதுவாக இரண்டு, மூன்று முறை அழுத்தி, அழுத்தியபடியே பிடித்துக்கொள்ளுங்கள். நிப்பிளைக் கால் சுற்றுத் திறவுங்கள். பிடி கைப்பிடிவரை இறங்கும். நிப்பிளை மூடுங்கள். பிறகே பிடியை விடுங்கள். இந்த வரிசை மாறினால் வெளிக்காற்று உள்ளே போய்விடும். ஐந்தாறு முறைக்கு ஒரு தடவை டப்பாவைப் பாருங்கள், கீழ்க்கோட்டுக்குக் கீழே இறங்கினால் காற்றை விழுங்கி, செய்ததெல்லாம் போய், மறுபடி முதலிலிருந்து. குழாயில் கோப்பி நிறம் போய்த் தெளிந்த நிறம் வரும்வரை தொடருங்கள். இரண்டு டிஸ்க் உள்ள முன்பக்கத்துக்கு 150, 200 மில்லி போகலாம். குழாயில் நிற்காமல் நுண்குமிழி வந்தால் உடனே கலங்க வேண்டாம், திறந்த நிப்பிளின் மரை வழியாக உறிஞ்சப்படும் காற்றாக இருக்கலாம். பிடி கல் மாதிரி இருந்தால் சரி. பஞ்சு மாதிரி இருந்தால் பிடியைக் கைப்பிடியோடு சேர்த்து ரப்பரால் கட்டி ஒரு இரவு விட்டுப் பாருங்கள், சிறு குமிழிகள் பெரும்பாலும் மேலேறிவிடும். காலையிலும் பஞ்சாக இருந்தால் ஓட்டக் கூடாது.

நிப்பிளை இறுக்க மணிக்கட்டுப் பலம் போதும், 5, 6 நியூட்டன் மீட்டர்தான். அதன் ரப்பர் தொப்பியை மாட்டுங்கள், மழைநீர் தேங்காமல் அடுத்த முறை எளிதாகத் திறக்க உதவுவது அதுதான். பேட் தேய்ந்த நிலையில் டப்பாவை மேல்கோடுவரை நிரப்பிவிட்டால், புதிய பேட் போடும் நாளில் அது நிரம்பி வழியும். பைக்கைக் கொஞ்ச தூரம் தள்ளிப் பார்த்து, முன்னும் பின்னும் பிடித்துப் பார்த்து, அதன்பிறகே சாலைக்கு.

பின்பக்கம் டிரம் பிரேக் உள்ள பைக்கில் அங்கே ஆயிலே இல்லை, பாதி வேலை மிச்சம்.

7. கூலன்ட்

எஞ்சின் முழுவதும் ஆறியபின்தான். ரேடியேட்டரைத் தொட்டால் சுடவில்லை என்ற அளவு போதாது, இரவு நிறுத்திய பைக்கைக் காலையில் திறப்பதே சரி. சூட்டில் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

இங்கே பனி கிடையாதே, தண்ணீர் ஊற்றினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. கூலன்ட் உறைவதைத் தடுக்க மட்டும் இருப்பதல்ல. உள்ளே அலுமினியம் அரிக்காமல் காப்பதும், கொதிநிலையை உயர்த்துவதும், வாட்டர் பம்ப் சீல் காயாமல் பார்ப்பதும் அதன் வேலை. அலுமினிய எஞ்சினுக்கு ஏற்ற, சிலிக்கேட் இல்லாத, கலந்தே வரும் வகையை வாங்குங்கள். கெட்டியான வகை என்றால் காய்ச்சி வடித்த நீரில் பாதிக்குப் பாதி. குழாய்த் தண்ணீர் வேண்டாம். பழையதன் நிறத்தைப் பார்த்து வகையை முடிவு செய்யவும் வேண்டாம், நிறம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

ரேடியேட்டர் மூடி திறக்கிறது என்று உறுதியானதும், வாட்டர் பம்ப் மூடியின் அடியில் உள்ள சிறு போல்ட்டைத் திறந்து வடியுங்கள். அது சின்ன போல்ட், மூடி மெல்லிய அலுமினியம், டிரெயின் போல்ட்டுக்குக் கொடுத்த பலத்தை இங்கே கொடுக்காதீர்கள். பம்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அங்கே பச்சையோ வெள்ளையோ கறை காய்ந்திருந்தால் உள் சீல் போகத் தொடங்கிவிட்டது. அது அடைபட்ட துளை அல்ல, நமக்குச் செய்தி சொல்வதற்காகவே வைத்த துளை. பசை போட்டு அடைத்துவிடாதீர்கள். பக்கத்துச் சேமிப்பு டப்பாவையும் காலி செய்யுங்கள், அதை மறப்பவர்கள்தான் அதிகம்.

புதிய வாஷரோடு மூடி, கழுத்துவரை மெதுவாக ஊற்றி, மூடியைப் போடாமல் எஞ்சினை ஓடவிட்டு, ஆக்சிலரேட்டரை மூன்று, நான்கு முறை லேசாக முறுக்குங்கள். குமிழி வந்து மட்டம் இறங்கும், நிரப்புங்கள். குமிழி நின்றதும் மூடி, சேமிப்பு டப்பாவை மேல்கோடுவரை நிரப்புங்கள். மறுநாள் காலை மறுபடி பாருங்கள், கொஞ்சம் இறங்கியிருக்கும்.

சிந்தியதை உடனே தண்ணீர்விட்டுத் துடையுங்கள். கூலன்ட் இனிக்கும், ஆனால் நஞ்சு. புளோக்குப் பூனைகள் நக்கிவிட்டால் பிழைப்பது அரிது.

8. முதல் முறையில் தொட வேண்டாதவை

முன் ஃபோர்க் ஆயில் மாற்ற முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்த வேண்டும், மேல்மூடிக்கு அடியில் ஸ்பிரிங் அழுத்திக்கொண்டு இருக்கிறது, அளவை மில்லிமீட்டரில் பார்க்க வேண்டும். பழகிய ஒருவர் பக்கத்தில் இல்லாமல் வேண்டாம். ஃபோர்க் குழாயில் எண்ணெய் வளையம் தெரிந்தால் சீல் மாற்றும் வேலையோடு சேர்த்துப் பட்டறையில் கொடுங்கள். ஸ்கூட்டரின் பின்கியர் ஆயில் எளிது, ஆனால் அங்கேயும் ஊற்றும் போல்ட் முதலில்.

9. கழிவு ஆயில் எங்கே போகும்

சாக்கடையிலும் கழிப்பறையிலும் ஊற்றினால் குற்றம். நம் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்பு, வாய்க்காலில் விட்டது நீர்த்தேக்கத்துக்குத்தான் போகிறது. குப்பைக்குழாயில் பாட்டிலைப் போட்டால் கீழே உடைந்து வழியும்.

புதிய ஆயில் வந்த பாட்டில்களிலேயே பழையதை ஊற்றி மூடி, வழக்கமாகப் போகும் பட்டறையில் கேளுங்கள். அவர்களிடம் பழைய ஆயில் பீப்பாய் இருக்கும், உரிமம் பெற்றவர்கள் வந்து எடுத்துப்போவார்கள். ஆயிலும் ஃபில்டரும் அங்கேயே வாங்கினால் பெரும்பாலும் முகம் சுளிக்க மாட்டார்கள். வாங்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது, ஆறு பாட்டிலோடு திடீரென்று போய் நிற்காதீர்கள். கூலன்ட்டையும் பிரேக் ஆயிலையும் ஆயிலோடு கலக்காமல் தனித்தனிப் பாட்டிலில், பெயர் எழுதிக் கொடுங்கள். கலந்துவிட்டால் பீப்பாய் முழுவதும் கெடும், அடுத்த முறை உங்களை உள்ளே விடமாட்டார்கள்.

10. எப்போது செய்வது

மூன்று ஆண்டு தாண்டிய மோட்டார் சைக்கிளுக்கு ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு, அதில் தேறாமல் சாலை வரி புதுப்பிக்க முடியாது. கடிதம் வந்ததும் இந்த வேலையை வையுங்கள், பரிசோதனைக்கு முந்திய நாள் வேண்டாம். இரண்டு வாரம் முன்னால் செய்தால், எங்காவது கசிந்தால் தெரிந்துவிடும், பிரேக்கில் காற்று இருந்தால் சரிசெய்ய நாள் இருக்கும். சிஓஇ புதுப்பிப்பதா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களும் பணம் கட்டுவதற்கு முன்பே செய்துவிடுங்கள். வடித்த ஆயிலில் உலோகத் துண்டுகள் வந்தால் அந்த முடிவே மாறலாம்.

உணவு விநியோகத்துக்கு ஓடும் சின்ன பைக்குகளுக்கு 2,000, 3,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயில். குறைந்த ஆயில்தான் உள்ளே இருக்கிறது, நின்று நின்று ஓடும் வேலை அதைச் சீக்கிரம் தீர்க்கிறது. பெரிய எஞ்சினுக்குப் புத்தகம் இன்னும் நீண்ட இடைவெளி சொல்லும், ஆனாலும் வயதான எஞ்சினுக்கு 5,000த்தைத் தாண்டவிட வேண்டாம். கூலன்ட்டும் பிரேக் ஆயிலும் இரண்டு ஆண்டு.

ரசீதுகளை ஓர் உறையில் போட்டு, தேதியும் கிலோமீட்டரும் எழுதி இருக்கைக்கு அடியில் வையுங்கள். முதல் 50 கிலோமீட்டர் ஓடியபின் டிரெயின் போல்ட்டையும் ஃபில்டர் விளிம்பையும் வெள்ளைத் தாளால் ஒற்றிப் பாருங்கள். தாளில் கறை பட்டால் உடனே ஸ்பேனரை எடுக்காதீர்கள், துடைத்துவிட்டு மறுநாள் மறுபடி ஒற்றுங்கள். முதல் கறை பெரும்பாலும் மாற்றும்போது சிந்தியது.